முதல் பூச்சாடியை உள்ளே குடையாதீர்கள்

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், தவறாக இருந்தால் திருத்துங்கள். மேசைமேல் வைக்கிற, மரம் கடையும் சின்ன லேத் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். இரண்டு தடவை பூச்சாடி கடைந்து பார்த்திருக்கிறீர்கள். முதல் ஜாடி, உள்ளே குடையும்போது உளியைப் பிடித்து இழுத்து, சக்கில் (லேத்தில் மரத்தைத் தாடைகளால் கவ்விப் பிடிக்கும் பகுதி) இருந்து கழன்று பறந்துவிட்டது. இரண்டாவது எப்படியோ முடிந்தது, ஆனால் அலமாரியில் வைத்த பத்து நாளில் வாயில் இருந்து வயிறு வரை பிளந்துவிட்டது. உள்ளே குடைய எந்த உளி வாங்கலாம், பிளக்காத மரம் எது, தண்ணீர் ஊற்றி நிஜப் பூ வைக்க முடியுமா என்று மூன்று கேட்டிருக்கிறீர்கள். படித்துப் பார்த்தால் மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது: கடைசலுக்குப் புதிதாக வந்தவர் எந்த மாதிரி ஜாடியில் இருந்து தொடங்குவது? என் பதிலையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். முதல் ஜாடியை உள்ளே குடையவே வேண்டாம். ஒரே ஒரு துளை போடுங்கள், மொத்தக் கவனத்தையும் வெளி வளைவில் வையுங்கள். ஏன், எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நான் 20 வருடத்துக்கு மேலாக லேத்தில் நிற்கிறேன். கட்டில் கால், ஊஞ்சல் தண்டு, மாடிப்படிக் கைப்பிடித் தூண் இவைதான் என் சோறு. தொழில் பழகியது அம்பாசமுத்திரம் பக்கம், பிள்ளைகள் விளையாடும் மரச் செப்புச் சாமான் கடைந்த ஒரு பெரியவரிடம். பூச்சாடி என் சொந்த ஆசைக்குக் கடைவது, வருடத்துக்குப் பத்து பதினைந்து இருக்கும். அதனால் வெளிப்பக்கம் கடைவது, மரம், சாணை பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். சின்ன வாய் வழியாக உளியை விட்டு ஆழமாகக் குடைந்து, முட்டை ஓடு போல மெல்லிசாக எடுப்பவர்கள் இருக்கிறார்கள், அது தனி வித்தை. அந்த விஷயத்தில் என் கை அவ்வளவு தூரம் போகாது, அதைப் பற்றி அவர்களிடம் கேட்பதுதான் சரி.

உள்ளே குடைவது ஏன் கஷ்டம் என்று புரிந்தால் பாதிப் பிரச்சினை தீரும். ஒரு ஈர்க்குச்சி விளக்குமாற்றை எடுத்து இறுக்கக் கட்டி, லேத்தில் நீளவாக்கில் மாட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஜாடி மரமும் அப்படித்தான், இழைகள் எல்லாம் லேத் அச்சுக்கு இணையாக ஓடுகின்றன. வெளிப்பக்கம் கடையும்போது குச்சிகளின் பக்கவாட்டில் சீவுகிறீர்கள், உளி சுகமாக நழுவிப் போகும். உள்ளே அடிப்பகுதியில் குடையும்போதோ, அத்தனை குச்சிகளின் வெட்டு முனையையும் நேருக்கு நேர் குத்துகிறீர்கள். அது போதாதென்று நெம்புகோல் கணக்கு வேறு உங்களுக்கு எதிராக நிற்கிறது. வெளியே கடையும்போது டூல் ரெஸ்ட்டில் (உளியைத் தாங்கும் பட்டை) இருந்து உளி முனை 20 மி.மீ. நீண்டிருக்கும், பிடி இந்தப் பக்கம் 400 மி.மீ. இருக்கும். மரம் முனையை அழுத்தும் விசையில் இருபதில் ஒரு பங்குதான் உங்கள் கைக்கு வரும். உள்ளே 100 மி.மீ. ஆழம் போய்விட்டால் அதே விசையில் நாலில் ஒரு பங்கு கைக்கு வந்துவிடும். ஐந்து மடங்கு முரட்டுத்தனம், அதுவும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். புதியவர் கையில் இருந்து உளி பறிபோவதற்கு இதுவே போதும். எந்த விலைக்கு உளி வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

அதனால் முதல் ஜாடி ஒற்றைப் பூ ஜாடியாக இருக்கட்டும். சுமார் 150 மி.மீ. உயரம், வயிறு 75 மி.மீ., கழுத்து 38 மி.மீ., நடுவில் 18 மி.மீ. துளை, 100 மி.மீ.க்குச் சற்றுக் குறைந்த ஆழம். அந்தத் துளைக்குள் ஒரு கண்ணாடிச் சோதனைக் குழாய் இறங்கும், தண்ணீர் குழாய்க்குள்தான் இருக்கும். 16 மி.மீ. தடிமனும் 100 மி.மீ. நீளமும் உள்ள குழாய், பள்ளி ஆய்வகச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். ஒன்று கவனம்: குழாயை முதலில் வாங்கி அளந்துவிட்டு அப்புறம் துளை போடுங்கள். குழாயை விட 1 முதல் 2 மி.மீ. அகலமாகத் துளை இருக்க வேண்டும், வாயில் உள்ள விளிம்பு மட்டும் மேலே உட்கார வேண்டும். மரம் மழைக்காலத்தில் ஊதும், கோடையில் சுருங்கும். துளை இறுக்கமாக இருந்தால் ஏதோ ஒரு கோடையில் கண்ணாடி உள்ளேயே உடையும்.

தண்ணீர் விஷயத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன். மரத்துக்குள் நேராகத் தண்ணீர் ஊற்றுவது சரிவராது. ஜாடியின் அடி என்பது இழைகளின் வெட்டுவாய், ஆயிரக்கணக்கான குழாய்கள் வாயைத் திறந்து நிற்கிற மாதிரி. தண்ணீரை அப்படியே உறிஞ்சும், அடி ஊதும், மேலே காய்ந்தே இருக்கும், நடுவில் பிளக்கும். உள்ளே பாலியூரித்தேன் அடித்தால் போதும் என்கிறார்கள், எப்பாக்ஸி ஊற்றிச் சுழற்றினால் போதும் என்கிறார்கள். நான் இரண்டையும் செய்து பார்த்தேன். சில மாதம் தாங்கியவை உண்டு, ஒரு வாரத்தில் அடியில் கறுத்த வளையம் விட்டவையும் உண்டு. அடுத்தவருக்கு உறுதி சொல்லிக் கொடுக்கிற அளவுக்கு எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. கண்ணாடிக் குழாயில் அந்தச் சந்தேகமே கிடையாது.

சரி, மரம். உங்கள் இரண்டாவது ஜாடி பிளந்ததற்கு மரத்தின் சாதியைக் குறை சொல்ல மாட்டேன், ஈரத்தைத்தான் சொல்வேன். நீங்கள் அனுப்பிய படத்தில் ஜாடியின் வாய்க்கு நடுவில் மரத்தின் நடுக்குருத்து தெரிகிறது, அதாவது ஒரு கிளையை அப்படியே அறுத்து மாட்டியிருக்கிறீர்கள். வெட்டி அதிக நாள் ஆகாத கிளை என்றும் எழுதியிருக்கிறீர்கள். மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காது. வளையத்தைச் சுற்றிய திசையில் சுருங்குவது, நடுவில் இருந்து வெளியே போகிற திசையில் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. நீளவாக்கில் சுருக்கம் மிகக் குறைவு. நடுக்குருத்து உள்ளே மாட்டிக்கொண்டால் அதைச் சுற்றியுள்ள வளையங்கள் சுருங்க இடமில்லாமல் எங்காவது ஒரு கோட்டில் கிழிந்தே தீரும். அதனால் கிளையை மாட்டாதீர்கள். பெரிய துண்டை நடுவே பிளந்து, குருத்தை ஒதுக்கிவிட்டு, பக்கத்தில் இருந்து 80 மி.மீ. சதுரத்தில் 200 மி.மீ. நீளக் கட்டை எடுங்கள்.

எந்த மரம் என்றால், நம் பக்கத்தில் தொடக்கத்துக்கு நான் சொல்வது பூவரசு அல்லது வேம்பு. பூவரசு கிடைத்தால் விடாதீர்கள். வைரப் பகுதி கருஞ்சிவப்பாக இருக்கும், இழை நெருக்கம், உளி பட்டால் வெண்ணெய் மாதிரி சீவும், எண்ணெய் தடவியதும் அந்த நிறம் எழும்பி வருவதைப் பார்க்கவே ஒரு ஜாடி கடையலாம். வேம்பு அவ்வளவு அழகில்லை, ஆனால் எங்கும் கிடைக்கும். வெட்பாலை கிடைத்தால் பொன் மாதிரி. கர்நாடகத்துச் சன்னபட்டணத்தில் பொம்மை கடைவது அந்த மரத்தில்தான், தந்தம் போல வெளுப்பு, கணு குறைவு. அம்பாசமுத்திரத்தில் செப்புச் சாமானுக்கு முன்பு மஞ்சள் கடம்பு எடுத்தார்கள், இப்போது கிடைத்த மரத்தில் செய்கிறார்கள். மரக்கடையில் பதப்படுத்திய ரப்பர் மரம் விற்றால் அதுவும் கை பழக நல்லது, காய்ந்தே வரும். தேக்கைப் பலரும் முதலில் தேடுவார்கள். நல்ல மரம்தான், ஆனால் அதில் மணல்சத்து இருப்பதால் உளி முனை சீக்கிரம் மழுங்கும், சாணை பிடிக்கப் பழகும் வரை அது உங்களைச் சோதிக்கும். சவுக்கும் யூகலிப்டசும் வேண்டாம், இரண்டும் காயும்போது முறுக்கிக்கொண்டு பிளக்கும். அரளியை லேத் பக்கமே கொண்டுவராதீர்கள், அந்தச் செடி முழுக்க விஷம், தூளை மூச்சில் இழுக்கக் கூடாது.

காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஈரமானி இருந்தால் 12 சதவீதத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் சமையலறைத் தராசு போதும். கட்டையின் இரண்டு வெட்டுவாயிலும் மெழுகோ பழைய பெயிண்டோ பூசி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். வாரம் ஒருநாள் எடை போட்டு கட்டையிலேயே பென்சிலால் எழுதுங்கள். முதலில் வாரா வாரம் இறங்கும், அப்புறம் மெதுவாகும், நாலைந்து வாரம் ஒரே எடையில் நின்றால் உங்கள் வீட்டுக் காற்றோடு சமமாகிவிட்டது என்று பொருள். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு, நம் வெயிலுக்கு அதைவிடச் சீக்கிரம் ஆகலாம், ஆனால் கணக்கை நம்பாமல் தராசை நம்புங்கள். கட்டையைக் கொதிநீரில் வேகவைத்தால் பிளக்காது என்று ஒரு கூட்டம் சத்தியம் செய்யும். நான் ஏழெட்டுக் கட்டை வேகவைத்தேன். பாதி நன்றாக வந்தது, பாதி பிளந்தது, வேகவைக்காத கட்டையிலும் அதே அளவுதான் பிளந்தது. எனவே அதை உறுதியான முறை என்று சொல்ல மாட்டேன். உறுதியானது காத்திருப்பதும் பழைய மரம் தேடுவதும்தான். நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் கடைபவர்கள் பழைய வீடு பிரித்த ஆச்சா மரத்தைத் தேடிப் போவது இதனால்தான். பல பத்தாண்டு காய்ந்த மரத்துக்கு இனிமேல் பெரிதாகச் சுருங்க வேலையில்லை. உங்கள் ஊரில் பழைய வீடு இடித்தால் உத்தரத் துண்டு, கதவுக் குடுமித் துண்டு கேட்டு வாங்குங்கள். ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துத் தடவிப் பார்க்காமல் லேத்தில் ஏற்றாதீர்கள்.

பாதுகாப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் முதல் ஜாடி பறந்தது என்று எழுதியதால் சொல்லாமல் இருக்க முடியாது. 80 மி.மீ. உருளை நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு மணிக்குச் சுமார் 30 கி.மீ. வேகத்தில் போகிறது. அதில் இருந்து ஒரு துண்டு கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கண்ணாடி மட்டும் போதாது, முகம் முழுக்க மூடும் கவசம் வேண்டும். என் கவசத்தில் நெற்றிக்கு நேராக ஒரு பள்ளம் இருக்கிறது, 12 வருடத்துக்கு முன்னால் கணு ஒன்று தெறித்து வந்த இடம். கையுறை போடவே கூடாது, துணி மாட்டினால் விரலோடு இழுக்கும். தோளில் துண்டு, துப்பட்டா, தொங்கும் சங்கிலி, மோதிரம், முழுக்கை எதுவும் வேண்டாம். லேத்தைப் போடும்போது கட்டைக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். போடுவதற்கு முன் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள், டூல் ரெஸ்ட்டில் எங்கும் இடிக்கக் கூடாது. டூல் ரெஸ்ட்டை நகர்த்த வேண்டுமானால் லேத்தை நிறுத்திவிட்டுத்தான். அப்புறம் தூசி. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் பட்டியலில் முதல் பிரிவிலேயே சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு வைத்திருக்கிறது. உப்புத்தாள் போடும்போது என்95 முகமூடி கட்டாயம்.

இனி வேலை. சதுரக் கட்டையின் இரண்டு முனையிலும் மூலைக்கு மூலை கோடு போட்டு மையம் குறித்து, லேத்தின் இரண்டு பக்கக் கூர்முனைகளுக்கு நடுவே மாட்டுங்கள். லேத்தின் குறைந்த வேகத்தில், 600 முதல் 800 சுற்றில், ரஃபிங் கௌஜால் (முதல் முரட்டுச் சீவலுக்கான பள்ள உளி) உருளையாக்குங்கள். உருண்டதும் 1500 வரை ஏற்றலாம். இப்போது ஜாடியின் அடி வரப்போகும் முனையில், சக் பிடிப்பதற்கான குமிழ் ஒன்று கடைய வேண்டும். உங்கள் முதல் ஜாடி பறந்ததற்கு இதுவே காரணமாக இருந்திருக்கலாம், படத்தில் உள்ள குமிழ் வட்டமாக நுனியில் தேய்ந்திருக்கிறது. குமிழைச் சுற்றி உள்ள தோள் தட்டையாக, சக் தாடையின் முகத்தில் எங்கும் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். குமிழின் நுனி சக்கின் அடியில் முட்டக் கூடாது, 2 மி.மீ. காற்று இருக்கட்டும். முட்டினால் தோள் உட்காராது, தோள் உட்காரவில்லை என்றால் கட்டை ஆடும், ஆடினால் கழலும். தாடைகள் கிட்டத்தட்ட மூடிய நிலையில் குமிழைப் பிடிக்கிற அளவுக்குக் கடையுங்கள், அப்போதுதான் நாலு தாடையும் முழுவட்டமாகக் கவ்வும். ரொம்ப விரிந்த நிலையில் பிடித்தால் எட்டு மூலைகள்தான் மரத்தில் குத்தி நிற்கும்.

சக்கில் மாற்றிய பிறகு வெளி வளைவைத் தொடாதீர்கள், முதலில் துளை. கட்டை முழுத் தடிமனில் இருக்கும்போது துளை போட்டால் அதிராது. டெயில் ஸ்டாக்கில் (லேத்தின் மறுமுனையில் நகரும் பகுதி) டிரில் சக் மாட்டி, 18 மி.மீ. தட்டை பிட் வையுங்கள், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரணப் பிட்தான். ஃபோர்ஸ்ட்னர் பிட் இன்னும் சுத்தமாகத் துளைக்கும், ஆனால் அது நீளம் குறைவு, 100 மி.மீ. ஆழத்துக்கு நீட்டிப்புக் கம்பி தேவைப்படும். முனையில் திருகு இருக்கிற ஆகர் பிட்டை லேத்தில் போடாதீர்கள், அது தானாகத் திருகி உள்ளே இழுத்துக்கொண்டு போகும், உங்களால் நிறுத்த முடியாது. 500 சுற்றுக்கு மேல் வேண்டாம். ஆழத்தைப் பிட்டில் ஒரு டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். 10 மி.மீ. போனதும் வெளியே எடுத்துத் தூளைத் தட்டுங்கள், புகை வந்தால் அழுத்துகிறீர்கள் அல்லது பிட் மழுங்கிவிட்டது. பிட்டை வெளியே இழுக்கும்போது டிரில் சக்கின் உடம்பை ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அது டெயில் ஸ்டாக்கில் இருந்து உருவிக்கொண்டு வரும். துளை முடிந்ததும் டிரில் சக்குக்குப் பதிலாகக் கூம்பு மையத்தை மாட்டி, அதைத் துளை வாயில் கொண்டுவந்து அழுத்துங்கள். இப்போது கட்டைக்கு இரண்டு பக்கமும் பிடிப்பு. ஒருபக்கம் சக் நழுவினாலும் பறக்கும் வாய்ப்பு குறைவு.

இதுவரை தயாரிப்பு. கடைசல் இப்போதுதான் ஆரம்பம், எனக்கு இதில்தான் உயிர். வளைவை முதலில் காகிதத்தில் வரையுங்கள். வரையத் தெரியாவிட்டால் ஒரு மெல்லிய கழுத்துச் சங்கிலியை எடுத்து, சுவரில் இரண்டு ஆணி அடித்துத் தொங்கவிடுங்கள். ஒரு ஆணியை உயர்த்தி, ஒன்றைத் தாழ்த்தி, நெருக்கி, விலக்கிப் பாருங்கள். சங்கிலி எந்த நிலையிலும் கோணலான வளைவு காட்டாது. பிடித்த வளைவு வந்ததும் பின்னால் காகிதம் வைத்துக் கோடிழுங்கள், அதைத் திருப்பிப் போட்டால் ஜாடியின் பக்கம். வயிறு நட்ட நடுவில் வந்தால் ஜாடி சோம்பலாகத் தெரியும். உயரத்தில் மூன்றில் ஒரு பங்கிலோ மூன்றில் இரண்டு பங்கிலோ வையுங்கள். இது சட்டம் கிடையாது, கண்ணுக்குப் பழகிய அளவு. வீட்டில் நல்ல பழைய பித்தளைச் சொம்பு இருந்தால் அதன் கழுத்தை விரலால் தடவிப் பாருங்கள், எங்கே வளைவு நின்று எங்கே திரும்புகிறது என்று விரலுக்குத் தெரியும்.

கடையும்போது எப்போதும் தடித்த இடத்தில் இருந்து மெலிந்த இடத்துக்கு இறங்குங்கள். வயிற்றில் தொடங்கிக் கழுத்துக்கு, வயிற்றில் தொடங்கி அடிக்கு. எதிர்த்திசையில் ஏறினால் இழையைத் தூக்கிப் பிய்க்கும், முகம் சொரசொரப்பாக வரும். உளியை வைக்கும் வரிசை மூன்று: முதலில் டூல் ரெஸ்ட்டைத் தொடும், அடுத்து உளியின் சாய்வு முகம் ஓடும் மரத்தின் மேல் வெட்டாமல் உரசும், அப்புறம் பிடியை மெல்ல மெல்ல உயர்த்தினால் ஒரு நொடியில் முனை மரத்தைப் பிடிக்கும். அந்த நொடியைக் காதால் கேட்கலாம். உரசும்போது மொட்டையான ஒரு ஓசை, வெட்டத் தொடங்கியதும் 'ஸ்ஸ்' என்று சீலை கிழிகிற மாதிரி. பூவரசில் அந்த நேரத்தில் உளியின் பள்ளத்தில் இருந்து நீளமான சுருள் எழுந்து மணிக்கட்டில் விழும், கொஞ்சம் சூடாக இருக்கும். தூளாகப் பறந்தால் உளி வெட்டவில்லை, சுரண்டுகிறது என்று அர்த்தம். அப்போது அழுத்தாதீர்கள், நிறுத்திவிட்டுச் சாணைக்குப் போங்கள்.

இன்னொன்று, எனக்கு அந்தப் பெரியவர் சொல்லித் தந்தது: உளி முனையைப் பார்க்காதே, மரத்தின் மேல் விளிம்பைப் பார். ஓடும் கட்டையின் உச்சியில் ஜாடியின் கோடு ஆகாயத்துக்கு எதிரே தெரிகிற மலைமுகடு மாதிரி தெளிவாகத் தெரியும். பின்னால் ஒரு வெள்ளை அட்டையைச் சாய்த்து வைத்தால் இன்னும் தெளிவு. கண் முகட்டில் இருந்தால் கை தானாக அந்தக் கோட்டைத் திருத்தும். கண் முனையில் இருந்தால் பள்ளமும் மேடுமாக வரும். இதை நம்ப எனக்கு ஒரு மாதம் பிடித்தது, அப்புறம் மாறவே இல்லை. வரிசை என்றால், கழுத்தை முதலில் முடியுங்கள், அடுத்து வயிறு, அடியைக் கடைசியில். அடியை முதலிலேயே மெலித்துவிட்டால் மீதிக் கட்டை முழுக்க அதிரும்.

எந்த உளி என்று கேட்டீர்களே, நாலு போதும்: 20 மி.மீ. ரஃபிங் கௌஜ், வளைவு கடைய 10 மி.மீ. ஸ்பிண்டில் கௌஜ், அறுத்தெடுக்க 3 மி.மீ. பார்ட்டிங் டூல், சுரண்ட வட்ட முனை ஸ்க்ரேப்பர் ஒன்று. ஹெச்எஸ்எஸ் என்கிற ஹை ஸ்பீடு எஃகாகப் பார்த்து வாங்குங்கள், சாதாரண கார்பன் எஃகு சாணையில் நீலம் பூத்தால் பதம் போய்விடும், ஹெச்எஸ்எஸ்ஸுக்கு அந்தப் பயம் இல்லை. ரஃபிங் கௌஜை இந்த மாதிரி நீளவாக்கு இழைக்கு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும், நாளைக்குக் கிண்ணம் கடையும்போது அதைத் தொடாதீர்கள், பிடிக்குள் போகும் கழுத்து மெல்லியது, முறியும். உளிக்கு ஒதுக்கிய காசில் பாதியைச் சாணை மிஷினுக்கும் சாய்வு மேடைக்கும் போடுங்கள் என்பதே என் வேண்டுகோள். கௌஜுக்கு 40, 45 டிகிரி சாய்வு வசதியாக இருக்கும். உளியின் சாய்வு முகம் முழுக்க மார்க்கர் பேனாவால் கறுப்படித்து, மிஷினைப் போடாமல் கல்லைக் கையால் சுற்றித் தொட்டுப் பாருங்கள். மை எங்கே போயிருக்கிறதோ அங்கேதான் கல் தொடுகிறது. மேலிருந்து கீழ்வரை சமமாக மை போகும் வரை மேடையைத் திருத்துங்கள். முனையை விளக்குக்கு எதிரே பிடித்தால் மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும், கூரான முனை மின்னாது. மாற்று முனை போட்ட கார்பைடு உளிகள் இப்போது வந்திருக்கின்றன, சாணை வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் அவற்றில் பெரும்பாலும் சுரண்டல்தான் நடக்கும், சீவல் பழகாது. இது என் கருத்து, மாற்றுக் கருத்துள்ள நல்ல கடைசல்காரர்கள் இருக்கிறார்கள்.

வளைவு சரியானதும் டூல் ரெஸ்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு உப்புத்தாள். 120, 180, 240, 320 என்று வரிசையாக, நடுவில் எதையும் தாண்டாதீர்கள். தாளைக் கட்டையின் மேல்பக்கம் பிடிக்காமல் கீழ்ப்பக்கத்தில் பிடியுங்கள், மாட்டினாலும் உங்களை விட்டு விலகித்தான் போகும். விரலில் சுற்றிக்கொள்ளாதீர்கள். மெருகுக்கு நான் அரக்குப் பாலிஷ் போடுவேன், ஸ்பிரிட்டில் கரைத்தது, மூன்று கை. அம்பாசமுத்திரத்திலும் சன்னபட்டணத்திலும் வண்ண அரக்குக் குச்சியை ஓடும் மரத்தில் அழுத்தினால் உரசும் சூட்டிலேயே உருகி ஒட்டும், அப்புறம் தாழை மடலால் தேய்த்து மின்ன வைப்பார்கள். பிற்பாடு முயன்று பாருங்கள், கண்கொள்ளாக் காட்சி. ஆளிவிதை எண்ணெய் தடவுவதாக இருந்தால், துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள், அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள் அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள். கடைசியாகப் பார்ட்டிங் டூலை ஜாடிப் பக்கம் லேசாகச் சாய்த்து அறுத்தால் அடி சற்றுக் குழிந்து வரும், மேசையில் ஆடாமல் உட்காரும். முழுக்க அறுக்காமல் 10 மி.மீ. மீதி வைத்து, லேத்தை நிறுத்திவிட்டுக் கைவாளால் அறுங்கள்.

இப்படி மூன்று ஜாடி கடைந்த பிறகு உள்ளே குடையலாம். அப்போதும் துளை போட்ட பிறகுதான், அகன்ற வாயுள்ள, 60 மி.மீ.க்கு மேல் ஆழமில்லாத ஜாடியில். வட்ட ஸ்க்ரேப்பரின் முனை மையக் கோட்டுக்கு ஒரு இம்மி மேலே இருக்கட்டும், பிடி சற்று உயர்ந்து முனை தாழ்ந்திருக்கட்டும். அப்போது மரம் பிடித்தாலும் முனை கீழே வெற்றிடத்துக்குப் போகும். துளையில் இருந்து தொடங்கி வாய்ப்பக்கம் இழுங்கள், வெளியில் இருந்து நடுவுக்குக் குத்தாதீர்கள். சுவர் 10 மி.மீ. வந்ததும் நிறுத்துங்கள். அடியில் குமிழ் போக 12 மி.மீ. மரம் மிச்சம் இருக்க வேண்டும்.

பறந்த ஜாடியைத் தூக்கிப் போடலாமா என்றும் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். படத்தில் வாய்தான் உடைந்திருக்கிறது, கீழே 110 மி.மீ. முழு மரம் நன்றாக இருக்கிறது. பழைய குமிழை அறுத்துவிட்டுப் புதிதாகத் தோள் கடையுங்கள், குடைந்த பகுதியை மேலே அறுத்துத் தள்ளுங்கள். 10 மி.மீ. துளை, 50 மி.மீ. ஆழம். காய்ந்த நாணல் பூ இரண்டு செருக அது தாராளமாகப் போதும், தண்ணீர் வேண்டியதில்லை. ஆனால் அதே கிளையில் இருந்து எடுத்த கட்டை என்றால் கடைவதற்கு முன் ஒரு மாதம் தராசில் வையுங்கள், எடை நின்றதும் அதன் படத்தையும் போடுங்கள், குமிழ் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.